பின் சக்கரம் ஒன்று மட்டும் கொதிக்கிறது, ஹேண்ட் பிரேக்கும் நிற்பதில்லை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

உடுமலைத் தம்பி ஒருவர் கேட்டது சுருக்கமாக இதுதான். 9 வருசத்து டீசல் எஸ்யூவி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வால்பாறையிலிருந்து இறங்கி ஆழியாறில் டீக்கு நிறுத்தியபோது தீய்ந்த வாடை. இடது பின் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, மற்ற மூன்றும் பரவாயில்லை. அதற்கு 3 மாசம் முன்னால், மேட்டில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை என்று ஒரு பட்டறையில் விட்டு, கேபிளை டைட் பண்ணி வாங்கியிருக்கிறார். அப்போதிருந்தே மைலேஜ் 13லிருந்து 11க்கு இறங்கிவிட்டது. சூடு வந்த பிறகு பின்னால் லைனிங்கும் இரண்டு வீல் சிலிண்டரும் புதுசு போட்டாச்சு. ஒரே வாரத்தில் திரும்ப அதே வாடை. இப்போது, மிதித்ததும் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, இல்லை வேறு எங்காவது பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி, மாஸ்டர் சிலிண்டரை இப்போது தொடாதீர்கள். அது கெட்டால் ஒரே ஒரு சக்கரத்தோடு நிற்காது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் இரண்டு பாதையாகப் பிரிகிறது. சேஸிஸ் மேல் பாடி கட்டிய எஸ்யூவிகளில் பெரும்பாலும் முன் இரண்டுக்கு ஒரு பாதை, பின் இரண்டுக்கு ஒரு பாதை. சின்ன கார்களில் குறுக்காகப் பிரித்திருப்பார்கள், முன் இடதும் பின் வலதும் ஒன்றாக. எப்படிப் பிரித்தாலும், அங்கே அழுத்தம் இறங்காமல் தங்கினால் குறைந்தது இரண்டு சக்கரமாவது பிடிக்கும்.

இதே கணக்கில் பின் ஹோஸ் பைப்பையும் ஒதுக்கிவிடலாம். உங்கள் வண்டியில் பின்னால் முழு ஆக்சில் இருக்கிறது என்றால், சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு நடுவில் ஒரே ஒரு ரப்பர் ஹோஸ்தான் வரும். அங்கிருந்து இரும்புக் குழாயாக இடமும் வலமும் பிரியும். அந்த ஹோஸ் உள்ளே அடைத்துக்கொண்டால் பின் இரண்டும் சேர்ந்து சூடாக வேண்டும். வீல் சிலிண்டர் ஏற்கெனவே மாற்றியாச்சு. அப்படியானால் மிச்சம் இருப்பது இடது டிரம்முக்கு உள்ளே இருக்கும் சாமான்களும், அந்தப் பக்கத்து ஹேண்ட் பிரேக் கேபிளும்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப்பட்ட வரி, கேபிளை டைட் பண்ணிய பிறகுதான் மைலேஜ் இறங்கியது என்பது. ஹேண்ட் பிரேக் நிற்காததும் சக்கரம் கொதிப்பதும் இரண்டு வியாதி என்று நினைத்து இரண்டு தடவை செலவு செய்திருக்கிறீர்கள். ஒரே வியாதியாகத்தான் எனக்குத் தெரிகிறது. பல்லடத்துப் பக்கம் பட்டறை வைத்து 24 வருசம் ஆகிறது. கேபிளை முறுக்கியதால் கெட்ட டிரம்களை எண்ணி வைக்கவில்லை, அத்தனை பார்த்தாச்சு.

அது ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிரம்முக்குள்ளே லைனிங் ஒட்டிய இரண்டு ஷூ பிறை மாதிரி நிற்கும். மிதி பிரேக்கை மிதித்தால் மேலே இருக்கும் வீல் சிலிண்டர் இரண்டையும் வெளியே தள்ளும். விட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் கேபிள் இதே ஷூவைத்தான் வேறு வழியில் தள்ளுகிறது: ஒரு ஷூவின் முதுகில் ஒரு சின்ன லீவர் தொங்கும், கேபிள் அதன் கீழ் முனையை இழுக்கும், அந்த லீவர் நடுவில் கிடக்கும் குறுக்குப் பட்டை வழியாக இரண்டு ஷூவையும் விரிக்கும். லைனிங் தேயத் தேய ஷூ அதிக தூரம் நகர வேண்டும். அந்தத் தூரத்தைச் சரிக்கட்டத்தான் பட்டையில் பல் வைத்த அட்ஜஸ்டர் இருக்கிறது, சின்ன நட்சத்திரச் சக்கரம் மாதிரி. பிரேக் மிதிக்கும்போது அது ஒவ்வொரு பல்லாகத் தானே விரிந்துகொள்ளும்.

இந்த அட்ஜஸ்டர் துருவிலோ சேற்றிலோ இறுகிவிட்டால், லைனிங் தேய்ந்தும் அது விரியாது. மேலே கையில் என்ன தெரியும்? ஹேண்ட் பிரேக் 6 கிளிக்கில் பிடித்தது 9க்கும் 10க்கும் போகும், மேட்டில் நிற்காது. இந்த இடத்தில் சரியான வேலை டிரம்மைக் கழற்றுவது. சுலபமான வேலை, கையில் இழுக்கும் ஹேண்ட் பிரேக் லீவருக்குக் கீழே இருக்கும் நட்டை முறுக்குவது. முறுக்கினால் அன்றைக்கே கைப்பிடி 5 கிளிக்கில் நிற்கும், வண்டிக்காரருக்கும் சந்தோசம். ஆனால் டிரம்முக்குள் இருக்கும் அந்தச் சின்ன லீவர் இனிமேல் தன் இருப்பிடத்துக்குத் திரும்பி வராது. ஓய்வில் இருக்கும்போதும் கேபிள் அதை லேசாக இழுத்துப் பிடித்திருக்கும். குறுக்குப் பட்டையின் மேல் எப்போதும் பாரம் இருப்பதால் அட்ஜஸ்டர் சுத்தமாக வேலை செய்யாது. அந்த நிலையில் தடிமனான புது லைனிங் போட்டால் என்ன ஆகும்? இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியும் போய், ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். உங்களுக்கு ஒரே வாரத்தில் வாடை வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இடது மட்டும் ஏன்? கேபிள் முன்னாலிருந்து ஒன்றாக வந்து, வண்டிக்கு அடியில் ஒரு ஈக்வலைசரில் இரண்டாகப் பிரியும். முறுக்கினது இரண்டுக்கும் பொதுதான். ஆனால் இடது கேபிள் உறைக்குள் துரு ஏறியிருந்தால், கை இழுக்கிற பலத்துக்கு அது உள்ளே போகும், திரும்பி வர டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பலம் போதாது. நம் பக்கம் போர்த் தண்ணி எப்படி என்று உங்களுக்குத் தெரியும், குடத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு. அதே தண்ணியில் மாசம் இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ். பிரஷர் தண்ணி கேபிள் உறையின் முனை ரப்பர் வழியாக உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. தோட்டத்து வண்டி என்றால் செம்மண் சேறு வேறு.

இதெல்லாம் என் ஊகம்தான். ஊகத்தை நம்பிச் சாமான் வாங்காதீர்கள், வரிசையாகப் பார்த்து உறுதி பண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் ரோட்டில். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது எடுத்து, சமமான ரோட்டில் 10 கிலோமீட்டர் முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தும்போதும் கியரைக் குறைத்து, கடைசியில் லேசாக மட்டும் மிதியுங்கள். இறங்கி நாலு சக்கரத்தையும் பாருங்கள். கையால் தொட வேண்டாம். விரலில் தண்ணீர் தொட்டு டிரம் மேல் ஒரு சொட்டு தெறியுங்கள். சுர்ரென்று ஆவியானால் 100 டிகிரி தாண்டிவிட்டது. சொட்டுதான், வாளித் தண்ணீர் கிடையாது. கொதிக்கிற டிரம்மிலோ டிஸ்கிலோ தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், கோணிக்கொள்ளும். துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டியது உதவாது, அது உடம்புச் சூடு அளவுக்குத்தான் காட்டும். பட்டறைக்கென்று விற்பது வேண்டும். எத்தனை டிகிரி என்பதைவிட ஒரே ஆக்சிலில் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள். வலது 50 காட்டும்போது இடது 130 காட்டினால் பேசவே வேண்டாம்.

நியூட்ரலில் விட்டு வண்டி எவ்வளவு தூரம் உருளுகிறது என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. நல்லதுதான். ஆனால் உடுமலையில் ஆனி ஆடிக் காற்றில் அதைச் செய்தால் போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீல் பேரிங் கெட்டாலும் சக்கரம் சூடாகும். பேரிங் என்றால் வேகத்தோடு கூடுகிற ஹூம் என்ற சத்தம் வரும், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கும், சூடு ஹப்பின் நடுவில் அதிகம் இருக்கும். பிரேக் என்றால் டிரம்மின் விளிம்பில் அதிகம்.

அடுத்தது தூக்கிப் பார்ப்பது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், ஏனென்றால் ஹேண்ட் பிரேக்கை விடப் போகிறீர்கள், கியரும் நியூட்ரலுக்கு வரப் போகிறது. பின் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டு மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் டிஃபரென்ஷியல், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து சுற்றுவதால் லேசான கனம் இருக்கத்தான் செய்யும். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்.

இடது கெட்டியாக இருக்கும்போதே அந்தச் சக்கரத்தின் ப்ளீடர் நிப்பிளை, நாம் ஏர் எடுப்போமே அதை, ஒரு குழாய் மாட்டிப் பாட்டிலில் விட்டு அரைச் சுற்று திறங்கள். இந்த ஒரு காரியத்தை முதல் நாளே செய்திருந்தால் உங்கள் வீல் சிலிண்டர் காசு மிச்சம். நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீச்சி அடித்து, சக்கரம் உடனே லேசானால், உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. கோளாறு ஆயில் பக்கம். ஆயில் சும்மா கசிந்து, சக்கரம் அதே கெட்டியாக இருந்தால், ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரும்பும் கம்பியும்தான் பிடித்திருக்கிறது. மூடும்போது ஏர் போகாமல் பார்த்து மூடுங்கள், ஆயில் லெவலையும் சரி பண்ணுங்கள்.

உங்கள் வண்டியில் லேசாகாது என்றுதான் எதிர்பார்க்கிறேன். அப்போது ஹேண்ட் பிரேக் லீவருக்குக் கீழே இருக்கும் அட்ஜஸ்ட் நட்டை முழுசாகத் தளர்த்துங்கள். இப்போது சக்கரம் லேசானால் கேபிள் முறுக்குதான் குற்றவாளி. லேசாகவில்லை என்றால் அடியில் போய் ஈக்வலைசரிலிருந்து இடது கேபிளையே கழற்றிவிட்டு, திரும்பச் சுற்றுங்கள். அப்போதும் கெட்டி என்றால், கேபிள் உறைக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அல்லது டிரம்முக்குள் ஷூ சிக்கியிருக்கிறது. இனி டிரம்மைக் கழற்ற வேண்டும்.

டிரம் வரவில்லை என்றால் சுத்தியலால் விளிம்பில் அடிக்காதீர்கள். டிரம்மின் முகத்தில் பெரும்பாலும் இரண்டு மரை ஓட்டை இருக்கும், 8 எம்எம் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானே எழும்பி வரும். உள்விளிம்பில் வரம்பு தேய்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தால், ஷூவைத் தாங்கும் பின்தட்டில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவர் விட்டு அட்ஜஸ்டரைப் பின்னால் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரத்தோடு துடையுங்கள்.

கழற்றியதும் கண் போக வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ஷூவின் முதுகில் தொங்கும் அந்தச் சின்ன லீவர் ஷூவின் விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறதா? நடுவில் நின்றால் கேபிள் பிடித்திருக்கிறது. கேபிளைக் கையால் இழுத்து விடுங்கள், சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் கேபிளை மாற்றுங்கள். அதற்குள் ஆயில் விட்டு ஓட்டுவதெல்லாம் ஒரு மழைக்குத்தான். அடுத்து, பின்தட்டில் ஷூ உட்கார்ந்து நகர்கிற மேடுகள் ஆறு இருக்கும். இந்த வயசு வண்டியில் அங்கே பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். ஷூ அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் இழுத்தாலும் ஏறி வராது. ரொம்ப ஆழமில்லை என்றால் உப்புத்தாள் போட்டுச் சமமாக்கி, சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள், லைனிங் பக்கம் படாமல். ஸ்பிரிங்குகளைப் பாருங்கள், ஒரு தடவை ரொம்பச் சூடான ஸ்பிரிங் பெயிண்ட் எரிந்து நீலம் பாரித்திருக்கும், அதற்கு இழுப்பு போயிருக்கும். லைனிங் மாற்றும்போது ஸ்பிரிங் செட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லி நான் வாதாடுவேன். அதற்கு ஆகும் காசு லைனிங்கோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் அந்த அட்ஜஸ்டர். இதில் ஒரு விசயம் பல பேருக்குத் தெரியாது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். லைனிங் மாற்றும் அவசரத்தில் இரண்டு டிரம்மையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டு, மாற்றி மாட்டிவிட்டால், விரிய வேண்டியது சுருங்கிக்கொண்டே வரும். மிதி பிரேக் நாளுக்கு நாள் கீழே இறங்கும், ஹேண்ட் பிரேக் கிளிக் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் எங்கள் பட்டறையில் ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் அடுத்த பக்கம். மாட்டியது சரியா என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மரையைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, லேசாகக் கிரீஸ் தடவி, விரலால் சுற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

சேர்த்து மாட்டும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் கேபிளை முழுத் தளர்ச்சியில் வையுங்கள், கேபிளைப் பற்றிய நினைப்பே வேண்டாம். அட்ஜஸ்டரை விரித்து, டிரம் லேசாக உரசுகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். மிதி பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தால் ஷூ நடுவில் வந்து உட்காரும். உரசல் அதிகமானால் ஓரிரு பல் பின்னால் எடுங்கள். இரண்டு பக்கமும் இப்படி ஆன பிறகுதான் கேபிள். பொதுவாக 5லிருந்து 8 கிளிக்குக்குள் முழுசாகப் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. கைப்பிடியை முழுசாக இறக்கியதும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், அந்தச் சின்ன லீவரும் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பியிருக்க வேண்டும். சிக்கிச் சூடேறிய லைனிங் கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தால், அல்லது டிரம்மில் நீலத் திட்டு இருந்தால், டிரம்மை லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டி வரும். உள்விட்டத்துக்கு அதிகபட்ச அளவு டிரம்மிலேயே அடித்திருக்கும், அதைத் தாண்டினால் புதுசுதான்.

உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும். ஆனால் இதைப் படிக்கிற இன்னொருவருக்கு முன் சக்கரம் சூடாகலாம், அது வேறு கதை. முன் டிஸ்கில் ஒரு பக்கம் பிடித்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும், அந்த ரிம்மில் மட்டும் கருப்புத் தூசி கூடும். முதலில் சந்தேகப்பட வேண்டியது, டிஸ்கைக் கவ்வும் காலிப்பர் வழுக்குகிற இரண்டு பின்கள். போன வாரம் பெருந்துறையிலிருந்து ஒரு வண்டி. ஒரு பின் பளபளவென்று வழுக்கி வந்தது. இன்னொன்றைப் பைப் ரெஞ்சு போட்டுத் திருகித்தான் எடுத்தோம், நடுவில் பழுப்பு வளையமாகத் துரு, ரப்பர் பூட் ஊறி உப்பிக் கிடந்தது. யாரோ பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். அங்கே சிலிக்கான் கிரீஸ்தான். காலிப்பர் பின் சிக்கியதற்கு இன்னொரு அடையாளம், ஒரே சக்கரத்தில் டிஸ்கை அழுத்தும் உள்பேடும் வெளிபேடும் வேறு வேறு தடிமனில் தேய்ந்திருக்கும்.

காலிப்பர் பின்கள் இரண்டும் நன்றாக வழுக்கினால், காலிப்பர் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு உள்ளே தள்ளிப் பாருங்கள். நிப்பிள் மூடியிருக்கும்போது தள்ள முடியாமல், திறந்ததும் வழுக்கிப் போனால் ஹோஸ் பக்கம் சந்தேகம். திறந்தும் போகவில்லை என்றால் பிஸ்டனே துருவில் சிக்கியிருக்கிறது.

இந்த ஹோஸைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்க்க ஒரு கீறல் இருக்காது. ஒரு தடவை மாற்றி எடுத்த ஹோஸை பிளேடு போட்டு நீளவாக்கில் பிளந்தேன். உள் ரப்பர் ஒரு இடத்தில் உரிந்து, கன்றுக்குட்டி நாக்கு மாதிரி மடிந்து தொங்கியது. மிதிக்கும்போது காலின் பலம் பெரிசு, ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு காலிப்பருக்குப் போய்விடும். விட்டதும் திரும்பி வரும் ஆயிலுக்கு அவ்வளவு பலம் இல்லை, அந்த நாக்கு வழியை மூடிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சக்கரம் பிடித்திருக்கும்போது ஹோஸுக்கு மேலே இருக்கும் இரும்புக் குழாய் ஜாயிண்டைத் தளர்த்துங்கள். சக்கரம் லேசாகவில்லை, ஆனால் கீழே நிப்பிளைத் திறந்ததும் லேசாகிறது என்றால் நடுவில் இருக்கும் ஹோஸ்தான். மேலே தளர்த்தியதுமே லேசாகிவிட்டால் கோளாறு இன்னும் மேலே, ஏபிஎஸ் யூனிட்டிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ.

மாஸ்டர் சிலிண்டர் நிஜமாகவே குற்றவாளியாக இருந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட ஓட மிதி மேலே ஏறி, கல் மாதிரி கெட்டியாகும், நாலு சக்கரமும் அல்லது ஒரு ஆக்சில் இரண்டும் சேர்ந்து பிடிக்கும், கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் தானே விட்டுவிடும். அப்போதும் மாஸ்டர் சிலிண்டரை வாங்குவதற்கு முன்னால் மிதியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பிரேக் லைட் ஸ்விட்சைத் தவறாக முறுக்கி, அது மிதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்த வண்டி பார்த்திருக்கிறேன். மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி ஒரு நூல் முன்னால் நகர்த்தினால் சக்கரம் விடுகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடு நீளமாக இருக்கிறது அல்லது மிதி முழுசாகத் திரும்பவில்லை. மாஸ்டர் சிலிண்டர் பாவம், அது நன்றாகத்தான் இருக்கும்.

ஆயில் டப்பாவைத் திறந்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூடியின் ரப்பர் உப்பிப் போய், திரும்ப மாட்ட முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தால், யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ அதில் ஊற்றியிருக்கிறார்கள். அப்போது ரப்பர் உள்ள அத்தனை சாமானும் போச்சு, மாஸ்டரிலிருந்து காலிப்பர் வரைக்கும், ஹோஸும் சேர்த்து. டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரியிலும், ஈரம் உறிஞ்சிய பிறகு 140லும் கொதிக்கலாம். டாட் 4க்கு 230, 155. இவை குறைந்தபட்ச அளவுகள். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், அதனால்தான் 2 வருசத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது. 6 வருசமாக மாற்றாத ஆயிலோடு ஆழியாறு ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரை வரைக்கும் போகும், பிடிப்பு இருக்காது.

கொண்டை ஊசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் உரசிக்கொண்டிருக்கும் வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், சரி பண்ணும் வரைக்கும் சமவெளியில்கூட அவசியத்துக்கு மட்டும். திம்பத்தில் 27 வளைவு இறங்கி பண்ணாரி வரும்போது, எந்த வண்டிக்குமே பிரேக் சூடாகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், மிதியில் கால் வைத்தபடியே வராமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்து ஆறவிடுங்கள். கீழே வந்து நிறுத்தியதும், டிரம் கொதிக்கும்போதே ஹேண்ட் பிரேக்கை முழுப் பலத்தில் இழுக்காதீர்கள். சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். பின்னால் டிஸ்க் உள்ள வண்டிகளில் இது தலைகீழ். ஆறும்போது பிடி தளரும். அதற்காகவே எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள சில வண்டிகள் நிறுத்திய கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை தானே இறுக்கிக்கொள்ளும், அந்த விர்ர் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

அந்த எலக்ட்ரிக் வகை வைத்திருப்பவர்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: பின் பேடு மாற்றும்போது பிஸ்டனைக் கிளாம்ப் போட்டுத் தள்ளக் கூடாது. ஸ்கேனரில் அல்லது புத்தகத்தில் சொன்ன முறையில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் தள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் திருகும் மோட்டாரும் கெடும். திடீரென்று பார்க்கிங் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஷெட்டில் பத்து நாள் விட்டால், லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கழுவியதும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, லேசாகப் பிரேக் மிதித்து ஈரத்தைக் காயவைத்துவிட்டு, கியரில் போட்டு நிறுத்துங்கள். ஒட்டிவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்காதீர்கள், லைனிங் ஷூவை விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மரச் சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டி, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து விடுங்கள்.

திரும்ப உங்கள் வண்டிக்கு வருகிறேன். பட்டறைக்குப் போனதும் மாஸ்டர் சிலிண்டர் பேச்சை எடுக்க வேண்டாம். நிப்பிளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கேபிள் நட்டைத் தளர்த்தி இடது சக்கரத்தை உங்கள் கையாலேயே சுற்றிப் பாருங்கள். டிரம் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இடது கேபிள், ஸ்பிரிங் செட், தேவைப்பட்டால் அட்ஜஸ்டர், இவ்வளவுதான் செலவு வரும் என்று நினைக்கிறேன். வேலை முடிந்ததும் பொள்ளாச்சி ரோட்டில் அதே 10 கிலோமீட்டர் ஓட்டி, அதே மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்துப் பாருங்கள். அடுத்த 200, 300 கிலோமீட்டருக்குக் கடுமையாகப் பிரேக் அடிக்காமல் ஓட்டினால் லைனிங் டிரம்மின் உருவத்துக்குத் தேய்ந்து உட்காரும். அதன் பிறகு கிளிக்கை இன்னொரு தடவை எண்ணுங்கள். ஒன்று கூடியிருந்தால் கேபிளைத் தொடாமல், டிரம்மைத்தான் திறக்கச் சொல்லுங்கள்.